சாம்பல் குளிசைக்காரி

பதினைந்து வருடமாகப் பரமேஸ்வரனின் வயலிலிருந்து மண் போய்க்கொண்டிருக்கிறது. வெள்ளத்தில் அல்ல, பொலித்தீன் பைகளில். மீள்குடியேறிய வருடமே முதல் ஆள் வந்தான். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நாலு மூலையிலும் மண் அள்ளினான், பையில் இலக்கம் எழுதினான், போனான். அடுத்த வருடம் இரண்டு பேர் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்தார்கள். பிறகு ஒருவர் பரமேஸ்வரனின் கையில் ஊசி குத்தி இரத்தமும் எடுத்தார். வினாக்கொத்தோடு வந்து குந்தியவர்கள் எத்தனை பேர் என்று அவனுக்கே தெரியாது. அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, அந்த மண்ணுக்கு என்ன குறை, அந்த இரத்தத்தில் என்ன கிடந்தது என்று திரும்பி வந்து சொன்னவன் ஒருவனும் இல்லை. வயல் மூலையில் அவர்கள் நட்டுவிட்டுப் போன, மூன்று மொழியில் எழுதிய தகரப் பலகை ஒன்று மட்டும் நின்றது. அதிலும் தமிழ் பிழை.

அதனால், போன வருடம் புரட்டாதி மாதத்தில் ஒரு பெண் ஸ்கூட்டியை வாய்க்கால் கட்டில் நிறுத்திவிட்டு, நீள உடுப்பின் கரையை இரண்டு பக்கமும் தூக்கி, கொடியில் உடுப்புக் காயவைக்கும் கிளிப் இரண்டால் இடுப்பில் கொழுவிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி அவன் வயலுக்குள் இறங்கியபோது, பரமேஸ்வரன் வரம்பில் நின்றே வரவேற்றான்.

“மண் அள்ள வந்தனீங்களோ? அள்ளுங்கோ, அள்ளுங்கோ. ஏலுமெண்டால் வரம்பையும் சுருட்டிக்கொண்டு போங்கோ.”

இதற்கு மற்றவர்கள் சிரித்துச் சமாளிப்பார்கள். வந்த பெண், மஸீனா மிஸ், நிமிர்ந்து நின்று கோபப்பட்டார். அவன்மேல் அல்ல.

“ஆர் அள்ளினது? எந்த வருஷம்? அள்ளிட்டு முடிவு சொல்லல்லியா? என்ன மனுசரப்பா இவங்க! கேட்டு எடுத்தா முடிவு குடுக்கணும். குடுக்காட்டி அதுக்குப் பேர் ஆராய்ச்சி இல்ல, களவு.”

பரமேஸ்வரனுக்குக் கொஞ்சம் மனவருத்தம். பதினைந்து வருடமாகத் தான் காவித் திரிந்த கோபத்தை, வந்த முதல் நாளே இன்னொருவர் தன்னைவிடப் பெரிதாகத் தூக்கிக்கொண்டது அவனுக்குப் பிடிக்கவில்லை. மிஸ் அன்றைக்கு மண் அள்ளிக்கொண்டு போனார். பன்னிரண்டாம் நாள் ஒரு தாளோடு வந்தார். உன் மண்ணில் இது கூட, இது குறை, இதற்கு இன்னது செய் என்று பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது. எழுதியதைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. குசினிக்குள் நின்ற அவன் மனைவி சுகந்தினியையும் கூப்பிட்டு முற்றத்தில் நிறுத்தி, வாசித்துக் காட்டி, “விளங்கினதா? விளங்காட்டி ஓம் எண்டு சொல்லாதீங்க” என்று இருவரையும் ஏசிவிட்டுத்தான் போனார்.

மஸீனாவுக்கு வயது முப்பத்தேழு. இரசாயனம் படித்தவர். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை என்றால் ஊரில் பெரிய கதிரை என்று நினைப்பார்கள். அவருக்கு அங்கே கதிரையே இல்லை, நின்றபடி வேலை. ஆராய்ச்சி உதவியாளர். வருடத்துக்கு ஒருமுறை நியமனக் கடிதம் புதுப்பித்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. முல்லைத்தீவில் பிறந்து, முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது மூன்று வயதில் தகப்பனின் தோளில் ஊரைவிட்டுப் போய், புத்தளத்து முகாமில் வளர்ந்து, பிறகு திரும்பி வந்தவர். பேச்சில் இரண்டு ஊரும் கிடக்கும். அதைப்பற்றி யாராவது உருக்கமாக விசாரித்தால் அதற்கும் ஏச்சுத்தான். “கதை கேக்க வந்தீங்களா, உரத்தப் பத்திக் கேக்க வந்தீங்களா?”

அவர் செய்வது உரம் அல்ல, உரத்துக்கு வீடு. அப்படித்தான் அவர் சொல்வார். யூரியாவை வயலில் எறிந்தால் பாதி தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போகிறது, கால்வாசி காற்றோடு போகிறது, மிச்சம்தான் பயிருக்கு. “இந்த யூரியா இருக்கே, கலியாண வீட்டில முதல் பந்தியிலயே எல்லாத்தையும் கொட்டிட்டு, ரெண்டாம் பந்திக்குச் சட்டியச் சுரண்டுறவன் மாதிரி” என்பார். அந்த அவசரக்காரனை ஒரு வீட்டுக்குள் பூட்டி, கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து விடுவதுதான் அவருடைய இரண்டு வருட வேலை.

வீடு கட்டும் பொருள் உமிச்சாம்பல். மாங்குளம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் உலைக்குப் பின்னால் மலைபோலக் குவிந்து, காற்றடித்தால் தெருவில் போகிறவனின் கண்ணை நிரப்பும் சாம்பல். அதை எடுக்கப் போகும் நாளில் ஆலையில் ஒரு சண்டை நிச்சயம். மிஸ் குவியலுக்குள் கையை விட்டு ஒரு சிட்டிகை எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். கறுப்பாக இருந்தால் வேகாதது. பால் வெள்ளையாக, மணல் போல நறநறத்தால் வெந்து செத்தது; அது எந்தக் காரத்திலும் கரையாது. அவருக்கு வேண்டியது நரைத்த தலைமுடியின் நிறத்தில், மா போல வழுக்குவது. உலைக்காரன் ஒருமுறை, படித்த பெண் எடுக்கிற சாம்பல் துப்புரவாக இருக்கட்டும் என்று திருநீறு மாதிரி வெள்ளையாக இரண்டுதரம் எரித்து மூட்டை கட்டி வைத்திருந்தான். மூட்டையை அவிழ்த்த இடத்திலேயே கொட்டினார். “இத நெத்தியில பூசுங்க. எனக்கு வேணாம்.”

சாம்பலைக் காரத்தில் காய்ச்சினால் பாகு வரும். பாகில் சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டால் பாகு ஜெலியாக உறையும். ஜெலியைக் காயவைத்தால் கண்ணுக்குத் தெரியாத கோடி ஓட்டைகள். ஓட்டைகளுக்குள் யூரியாவை ஊறவைத்து, மரவள்ளி மாவைப் பசையாகச் சேர்த்து உருட்டி உலர்த்தினால் கடலைப் பருப்பளவில், மருந்து மாத்திரை போல, சாம்பல் நிறக் குளிசை. அறிக்கையில் அதற்கு ஒன்றரை வரிப் பெயர் இருக்கிறது. ஊர் அதற்குச் ‘சாம்பல் குளிசை’ என்று பெயர் வைத்தது. பெயரைக் கேட்டு இரண்டு மாதம் எரிந்து விழுந்தார். மூன்றாம் மாதம் அவர் வாயிலும் குளிசைதான்.

வெளிநாட்டில் இதே மாதிரி உரம் செய்கிறார்கள். ஆனால் பிளாஸ்டிக் தோல் போர்த்திச் செய்கிறார்கள். சுலபம், அழகு, பிழைக்காது. அந்த வழியால் போனால் ஆறு மாதத்தில் முடித்திருக்கலாம் என்று அவருக்குச் சொன்னவர்கள் உண்டு. “உரம் போயிரும். தோல் கிடக்கும்” என்று பரமேஸ்வரனுக்கு வரம்பில் நின்று விளங்கப்படுத்தினார். “உங்கட வயலுக்குள்ள முன்னம் வந்தவங்க அந்தத் தகரப் பலகையப் போட்டுட்டுப் போனது காணாதா? நானும் ஒண்டப் போட்டுட்டுப் போகவா?” இதைச் சொன்னபோது அவர் முகம் சிவந்து மூக்கு நுனி வியர்த்திருந்தது. அவன் தலையை ஆட்டினான்.

அவருடைய விரல்களைப் பார்க்க வேண்டும். காரம் பட்டுப் பட்டு நுனித்தோல் உரிந்து, ரேகை அழிந்துபோயிற்று. கைபேசி அவருடைய விரலை ஏற்றுக்கொள்ளாது. பத்துமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, “நான்தான்டா! உன்ன வாங்கின ஆள்!” என்று கைபேசியோடு சண்டை பிடிப்பார். அடையாள அட்டைக் கந்தோரிலும் அவருடைய விரல் பதியவில்லையாம். “அவங்கட மெசின்படி நான் இல்லாத ஆள்” என்று அதையும் கோபமாகத்தான் சொன்னார். சுகந்தினி கொடுக்கும் வெறும் தேத்தண்ணியை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, மண்ணோடும் பென்சிலோடும் கதைத்து, முழுக்க ஆறிய பிறகு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “ஆறிப்போச்சே” என்று அதற்கும் முறைப்பார்.

“மிஸ்ஸுக்குக் கோவம் வராத நாளும் இருக்கோ?” என்று சுகந்தினி ஒருநாள் கேட்டாள்.

“இருக்கு. காய்ச்சல் வந்தா.”

முதலில் காய்ச்சிய குளிசை ஒரே நாளில் கரைந்தது. இரண்டாவது கரையவே இல்லை, கல். மூன்றாவதைத்தான் போன காலபோகத்தில், மாரிமழைப் போகத்தில், பரமேஸ்வரனின் வயலில் போட்டார். பக்கம் பக்கமாக மூன்று துண்டு, துண்டுக்கு ஒரு பரப்பு. ஒன்று எதுவும் போடாத வெறுந்துண்டு. ஒன்று ஊர் வழக்கப்படி யூரியா எறிந்த துண்டு. நடுவில் குளிசைத் துண்டு. துண்டுக்குத் துண்டு வரம்பை உயர்த்தி, ஒன்றின் தண்ணீர் மற்றதற்குப் போகாமல் மிஸ்ஸே மண்வெட்டி பிடித்து அடைத்தார். அடைத்தது சரியில்லை என்று பரமேஸ்வரன் திரும்ப அடைத்தான். திரும்ப அடைத்ததற்கு ஏச்சு வாங்கினான்.

“இஞ்ச கேளுங்க, பரமண்ணை. இது அவசரப்படாது. விதைச்சு முப்பது நாள் வரைக்கும் மஞ்சளாத்தான் நிக்கும். பிறகுதான் கதவு திறக்கும். பயந்து கை வைக்காதீங்க. இந்தப் போகம் பிழைச்சா என்ர கடிதம் புதுப்பிக்க மாட்டாங்க. ரெண்டு வருஷமும் சேத்துக்குள்ள.”

“ஓம் மிஸ். நான் ஏன் கை வைக்கிறன்?”

சொன்னபோது அவன் உண்மையாகத்தான் சொன்னான்.

ஆனால் மஞ்சள் என்றால் என்ன என்று மஸீனாவுக்குத் தாளில் தெரியும். பரமேஸ்வரனுக்கு வயிற்றில் தெரியும். சில வருடங்களுக்கு முன், மேலே இருந்தவர்கள் ஒரே நாளில் இரசாயன உரத்தை நாடு முழுவதும் நிற்பாட்டினார்களே, அந்தக் காலபோகத்தில் அவன் வயல் முழுவதும் மஞ்சளாக நின்றது. காலையில் போய்ப் பார்ப்பான், மஞ்சள். பின்னேரம் போவான், இன்னும் மஞ்சள். கடைசியில் அறுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு மணியில்லாத சப்பி. அந்த வருடத்துக்குப் பிறகு பழுத்த பலா இலையைக் கண்டாலும் அவனுக்கு மனம் திடுக்கிடும்.

இருபதாம் நாள் குளிசைத் துண்டு மஞ்சளாயிற்று. ஒரு பக்கம் யூரியாத் துண்டு கரும்பச்சை. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழ வரம்பு. வாய்க்கால் கட்டால் போகிற எல்லோருக்கும் தெரிகிற இடம். பக்கத்து வயல் சின்னராசா சைக்கிளை விட்டு இறங்கி, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

“பரமு, உன்ர மிஸ்ஸின்ர குளிசைக்குக் காய்ச்சல் போலக் கிடக்கு. பெனடோல் ரெண்டு போட்டுப் பாரன்.”

“முப்பது நாள் போகோணுமாம், சின்னராசண்ணை.”

“போகட்டும், போகட்டும். பயிரும் போயிடும், நாளும் போயிடும்.”

அடுத்த நாளும் அவர் இறங்கினார். அதற்கடுத்த நாள் தன்னோடு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பரமேஸ்வரன் இருபத்துநாலாம் நாள் வரை பொறுத்தான். அவனுடைய பொறுமைக்கு அது பெரிய காரியம்.

இருபத்துநாலாம் நாள் மத்தியானம், ஊர் முழுவதும் சோற்றுக்குப் போயிருந்த நேரம், யூரியாப் பையிலிருந்து அள்ளிச் சாறத்து மடியில் கட்டிக்கொண்டு வயலுக்கு வந்தான். வாளியில் எடுத்தால் யாராவது காண்பார்கள். குளிசைத் துண்டில் இறங்கி, போய்த் திரும்பிப் போய், மூன்று நடை. கை தன்பாட்டுக்கு எறிந்தது. முப்பது வருடமாக எறிந்த கை. களவெடுக்கிறவனைப் போல் வாய்க்கால் கட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஆனால் மனம் வேறு சொன்னது. பாவம், அந்தப் பிள்ளை. இரண்டு வருடம் விரல் தேயச் சாம்பல் காய்ச்சினது. நாலு பேர் சிரிக்க விடலாமோ? வீட்டுக்கு வந்து கை கழுவிச் சோற்றுக்குக் குந்தினான். சுகந்தினிக்கும் சொல்லவில்லை.

இருபத்தெட்டாம் நாள் மிஸ் வந்தார். நாலு நாளுக்கு ஒருமுறை வருவது வழக்கம். பச்சை நிறங்கள் வரிசையாக அச்சடித்த அட்டையை இலையோடு வைத்து, எந்தப் பச்சை என்று பார்த்துப் பென்சிலால் குறிப்பார். அன்றைக்கு ஒரு இலையில் வைத்தார். இன்னொரு இலையில் வைத்தார். துண்டின் மறுகோடித் தொங்கலுக்குப் போய் வைத்துப் பார்த்தார். பிறகு வரம்பில் குந்திவிட்டார்.

“மழை பெஞ்சதா, பரமண்ணை?”

“ஓம் மிஸ். நல்ல மழை.”

பெய்தது உண்மைதான். அவர் எழுதிக்கொண்டார். அன்றைக்கு அவர் ஒருவரையும் ஏசவில்லை. தேத்தண்ணியைச் சூடாகவே குடித்தார். துண்டு பச்சையானதில் அவருக்குச் சந்தோசம் வாயை அடைத்துவிட்டது என்று பரமேஸ்வரன் நினைத்தான். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டான்.

அதன் பிறகு ஒன்றரை மாதம் மிஸ் மெலிந்துகொண்டு வந்தார். வந்தால் அட்டை, பென்சில், போய்விடுவார். கிளிப் ஒன்று எங்கோ தொலைந்து, உடுப்பின் ஒரு பக்கம் சேற்றில் இழுபட்டது, அதையும் கவனிக்கவில்லை. சுகந்தினிதான் சொன்னாள். “மனுசி ஏசாமல் போகுது. என்னவோ பிழை.” பரமேஸ்வரன் அவளை அதட்டினான்.

தைப்பொங்கல் முடிந்த கிழமை, குளிசையின் முடிவை ஊருக்குக் காட்டும் வயல் விழா. நிழலுக்குப் படங்கு கட்டி, ஐம்பது கதிரை போட்டு, ஊர் விவசாயிகளும் வெளியூரிலிருந்து வந்த அதிகாரி ஒருவரும் இருந்தார்கள். மூன்று துண்டும் எல்லோருக்கும் முன்னால். குளிசைத் துண்டுதான் மூன்றிலும் அழகு. கதிர் கனத்து வளையத் தொடங்கியிருந்தது. சின்னராசா கூட வாயை மூடிக்கொண்டிருந்தார். பரமேஸ்வரன் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, தன் பிள்ளைக்குப் பரிசு கொடுக்கப்போகிறார்கள் என்பதுபோல் முன்வரிசையில் இருந்தான்.

மஸீனா எழும்பினார். கையில் ஒரே ஒரு தாள்.

“எல்லாரும் நடுத்துண்டப் பாக்கிறீங்க. அது பச்சையா நிக்குது. ஆனா அது தோல்வி.”

கதிரைகள் கிறீச்சிட்டன.

“குளிசை முப்பது நாளுக்குப் பிறகு மெதுவாத் திறக்கணும். இது இருபத்துநாலுக்கும் இருபத்தெட்டுக்கும் இடையில ஒரேயடியா உடைஞ்சு கொட்டியிருக்கு. அட்டையில பச்சை ரெண்டு படி பாஞ்சிருக்கு. லாப்பில முப்பது நாள் தண்ணிக்குள்ள வச்சுப் பாத்தன், உடையல்ல. வயலில உடையுது. ஏனெண்டு எனக்குத் தெரியா. நான் சமைச்ச விதம் பிழை. மரவள்ளி மாவைக் கூட்டித் திரும்பச் செஞ்சன், அது கரையவே இல்ல. இது விவசாயிக்குக் குடுக்கிற சாமான் இல்ல. அதச் சொல்லத்தான் கூப்பிட்டன்.”

அதிகாரி இருந்தபடியே சிரித்தார். “என்ன மிஸ், பயிர் நல்லாத்தானே நிக்குது? பேசாமல் வெற்றியெண்டு எழுதுங்கோவன். ஆர் கேக்கப்போகினம்?”

“பயிர் கேக்கும்! அடுத்த போகம் இந்த அம்பது பேரிட பயிரும் கேக்கும்! பிழையான நாளில வந்த பச்சை பச்சை இல்ல, ஐயா!”

பரமேஸ்வரனின் வெள்ளைச் சேட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த ஒன்றரை மாத மெலிவு எதனால் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்தப் பெண் தன்னைத்தானே பிழையென்று ஊருக்குமுன் சொல்கிறார். பிழை அவன் மடியிலிருந்து விழுந்தது. எழும்பாமல் இருக்கலாம். சுகந்தினிக்கும் தெரியாது, கடவுளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. எழும்பினான்.

“மிஸ்… அது குளிசை இல்லை. நான் எறிஞ்சனான்.”

“என்னத்த?”

“யூரியா. இருபத்துநாலாம் நாள். மஞ்சளாக் கிடந்தது… எனக்குப் பாக்கேலாமல் போச்சு.”

மஸீனா தாளைக் கீழே இறக்கிவிட்டு அவனுக்கு முன்னால் வந்தார்.

“ஒண்டரை மாசம்,” என்றார். “ஒண்டரை மாசம் நான் என்ர கைய நம்பாமத் திரிஞ்சன்! இந்தக் கைய!” ரேகையில்லாத விரல்களை அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். “மழையா எண்டு கேட்டன். ஓம் எண்டீங்க. கிணத்தடியில, முத்தத்தில, எத்தின தரம் உங்களுக்கு முன்னால நிண்டன்! ஒரு வார்த்த… ஒரு வார்த்த சொல்ல வாய் இல்லியா உங்களுக்கு?”

“அப்ப நல்லதாப் போச்சே,” அதிகாரி கையைத் தட்டினார். “குளிசை உடையேல்லை. அப்ப வெற்றிதான்!”

மஸீனா அவர் பக்கம் திரும்பினார். “எப்படித் தெரியும் ஐயாவுக்கு? இப்ப இந்தத் துண்டில எது குளிசையிட பச்சை, எது யூரியாவிட பச்சை? இலையில பேர் எழுதிக் கிடக்கா? நேத்து வரைக்கும் என்னட்ட ஒரு தோல்வி இருந்திச்சு. இப்ப அதுவும் இல்ல. ஒண்டுமே இல்ல!”

தாளை நாலாக மடித்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரம்பால் நடந்தார். ஸ்கூட்டி வாய்க்கால் கட்டின் வளைவில் மறைந்தது. பிறகு சின்னராசாதான் வாயைத் திறந்தார். “பரமு, மாடு திண்டிருந்தாலும் பரவாயில்லையடா. மாட்டுக்குத் தெரியாது.”

மூன்று நாள் பரமேஸ்வரன் வயல் பக்கம் போகவில்லை. சுகந்தினி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே நில்லாமல் குசினிக்குள் போய்விடுவாள். கோபம் அவனுக்கும் வந்தது. முதலில் மிஸ்மேல் வந்தது. ஊர் பார்க்க ஏசிவிட்டாவே என்று. அரை நாளுக்குமேல் அது நிற்கவில்லை. பிறகு சின்னராசாமேல், பிறகு அந்த உரம் நிற்பாட்டிய வருடத்தின்மேல். எதிலும் ஒட்டாமல் சுற்றிச் சுற்றிக் கடைசியில் தன் வலது கையில் வந்து நின்றது.

நாலாம் நாள் காலை ஸ்கூட்டிச் சத்தம். கால் வைக்கும் இடத்தில் சுருட்டிய படங்கு, பின்னால் கட்டிய பெட்டிக்குள் ஒரு தராசு. மிஸ் முற்றத்தில் இறங்கினார். சலாமும் இல்லை, வணக்கமும் இல்லை.

“எத்தின பிடி எறிஞ்சீங்க?”

“எண்ணேல்லை மிஸ். நாங்கள் எண்ணி எறியிறேல்லை. கால் நடக்கும், கை எறியும்.”

“வாளியிலயா?”

“இல்லை. மடியில.”

“எத்தின நடை?”

“போய், வந்து, போய்… மூண்டு.”

பென்சிலால் எழுதினார். “அந்தப் பையில மிச்சம் கிடக்கா?”

கிடந்தது. கொண்டுவந்து கொடுத்தான். மிஸ் படங்கை முற்றத்தில் விரித்து, துண்டின் நீளத்தைக் காலடியால் அளந்து, இந்தத் தொங்கலில் ஒரு கல்லும் அந்தத் தொங்கலில் ஒரு கல்லும் வைத்தார். யூரியாவைத் தராசில் நிறுத்து அவனிடம் நீட்டினார். அவன் சாறத்து மடியை விரித்து வாங்கிக்கொண்டான். சுகந்தினி குசினி வாசலுக்கு வந்து நின்றாள்.

“மடியில மிஞ்சிறத நிறுப்பன்,” என்றார் மஸீனா. குரலில் இன்னும் கோபம் ஆறவில்லை. “அப்ப நீங்க எவ்வளவு எறிஞ்சீங்க எண்டு தெரியும். அதக் கழிச்சா மிச்சம் குளிசையிட வேலை. மூண்டு தரம் செய்வம். மூண்டும் ஒத்து வந்தா, நடந்தத நடந்தபடி எழுதி, அறிக்கையோட குடுப்பன். ஏத்துக்கொள்ளுவாங்களா, தூக்கி எறிவாங்களா, தெரியா. கடிதம் வருமோ தெரியா. ஆனா இது தெரியாம நான் ஒரு வரியும் எழுத மாட்டன்.”

“சரி மிஸ்.”

பரமேஸ்வரன் கல்லடியில் போய் நின்றான். கையை மடிக்குள் விடும்போதுதான் அந்தக் கணக்கு அவனுக்குள் ஓடியது. தான் குறைத்து எறிந்தால், குளிசை கூட வேலை செய்ததாக வரும். பிடி சிறுத்தால் பிள்ளைக்கு நல்லது. ஒருவருக்கும் தெரியாது. அவன் கண் அவரிடம் போயிற்று. மஸீனா அவன் முகத்தை அல்ல, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்காக எறியாதீங்க, பரமண்ணை. அண்டைக்கு எறிஞ்ச மாதிரி எறிங்க.”

மடிக்குள்ளிருந்து அரைப் பிடியோடு வெளியே வந்த கையை அவன் ஒருமுறை பார்த்தான். திரும்ப உள்ளே விட்டு, விரல்களை விரித்துக் கொட்டினான். பிறகு மணிக்கட்டுவரை இறக்கி, விரலிடுக்கால் வழிய வழிய ஒரு பிடி அள்ளிக்கொண்டு, முதல் அடியை எடுத்து வைத்தான்.